அந்தக் குடம் பின்னியோடது

மலர்க்குழுவுக்கும், என்கூட ஞாயிறுப் பள்ளியில கோரப்பாயில உக்காந்து மூக்கு ஒழுகின என் வயசுக் கிழங்கட்டைகளுக்கும் ஸ்தோத்திரம்.

சபையோட நூற்றாண்டு மலருக்கு ஒரு நினைவுக் குறிப்பு வேணும்னு கேட்டீங்க. 'மாணவர்க்கு ஊக்கம்'னு ஒரு பகுதி போடுறோம், விசுவாசத்த வாழ்ந்து காட்டுறதப் பத்தியும், தாராளமாக் கொடுக்குறதப் பத்தியும் பழைய ஆளுக எழுதுனா படிக்கிற பிள்ளைகளுக்கு மனசுல பதியும்னு சொன்னீங்க. சரின்னேன். அதோட விட்டிருந்தா நானும் நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுத்துட்டு என் சோலியப் பாத்திருப்பேன். வாட்ஸப்புல ஒரு போட்டோவ அனுப்பினீங்க பாருங்க. பீடத்துக்குப் பக்கத்துல, செவ்வந்திப் பூவ ரொப்பி வச்ச ஒரு பித்தளைக் குடம். 'தியாகக் குடம். இதப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்கக்கா'ன்னு கீழ ஒரு வரி.

தெரியும். எனக்கு நல்லாவே தெரியும்.

மத்தவங்க எழுதிக் குடுத்ததயும் அனுப்பியிருந்தீங்க, வாசிச்சேன். ஒருத்தர் பண்டிகைப் பந்தியில போடுற அசனச் சோத்து வாசனைய ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கார். இன்னொருத்தி, அந்தக் காலத்துல சபை ஒரே குடும்பமா இருந்துச்சுன்னு எழுதிக் கண்ணு கலங்கியிருக்கா. ஏட்டி, நீயும் நானும் ஒரே சபையிலதான இருந்தோம்? நீ எந்தக் குடும்பத்தப் பாத்த? சோறு ருசியாத்தான் இருந்துச்சு, நானும் ரெண்டு தரம் வாங்கித் தின்னவதான். அதுக்காக நடந்தது நடக்கலேன்னு ஆயிருமா?

எங்க அக்கா பதினொண்ணாங் கிளாஸ் முடிச்ச வருஷம் அது. எனக்குப் பத்து வயசு இருக்கும். ராஜபாளையத்துல எங்க அப்பா வேல பாத்த மில்ல இழுத்து மூடிட்டாங்க. சங்கத்துக்காரங்களுக்கும் முதலாளிக்கும் என்ன தகராறோ, நமக்கு என்ன தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், மில்லு சங்கு ஊதல. காலச் சங்குக்கு அம்மா அடுப்பப் பத்த வைக்கும், மத்தியானச் சங்குக்கு நாங்க பள்ளிக்கூடம் விட்டு வருவோம். சங்கு நின்னதும் எங்க தெருவுக்கே மணி தெரியாமப் போச்சு. அப்பா மட்டும் சங்கு ஊதாமயே அதே நேரத்துக்கு முழிச்சு, சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் நிப்பார். செத்த நேரம் நின்னுட்டு உள்ள வந்து சட்டையக் கழட்டிருவார். பாக்கச் சகிக்காது.

பக்கத்து வீட்லயும் அதே மில்லுதான். அவங்க வீட்ல தெலுங்கு பேசுவாங்க. அந்த வீட்டு அம்மாவ நாங்க பின்னின்னுதான் கூப்பிடுவோம். சித்திக்குத் தெலுங்குல அதான் பேரு. அவங்க சாமி வேற, எங்க சாமி வேற. நடுவுல இடுப்பு உசரத்துக்கு ஒரு மதிலு. கொழம்பும் ரசமும் அது மேலதான் போயிட்டு வரும். பின்னிக்கு மூணு வயசுல ஒரு பொம்பளப் பிள்ள. அது எங்க அக்கா இடுப்புலயேதான் கெடக்கும்.

அக்காவப் பத்திச் சொல்லணும். ஞாயிறுப் பள்ளியில சின்னப் பிள்ளைகளுக்கு அவதான் பாடம் எடுப்பா. டீச்சராகணும், அதத் தவிர வேற ஒண்ணும் வேண்டாம் அவளுக்கு. சுவத்தப் பாத்துப் பாடம் நடத்துவா, கோழியப் பாத்து வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பா. அப்ப நம்ம சபையில ஒரு ஏற்பாடு இருந்துச்சு, மறந்திருக்க மாட்டீங்க. வருஷத்துக்கு ஒரு பிள்ளைய சபைச் செலவுல டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்புவாங்க, தங்கிப் படிக்கிற பள்ளிக்கு. யாரன்னு அசனப் பண்டிகை அன்னைக்குச் சொல்லுவாங்க. அந்த வருஷம் எங்க அக்காதான்னு நம்ம பாதிரி ஐயர் வாயாலயே சொல்லியிருந்தார். மில்லு மூடிக் கெடக்குற வீட்டுப் பிள்ளைக்கு வேற எந்த வழியும் கெடையாது. அது கெடச்சா டீச்சர், கெடைக்காட்டி தறிக்கு நூல் சுத்தப் போகணும்.

இத வாசிக்கிற மாணவப் பிள்ளைகளுக்கு அசனப் பண்டிகை ஏலம்னா இப்ப என்னன்னு தெரியாது, அதனால சொல்றேன். வெளஞ்சதுல மொதல் பலன ஆண்டவருக்குன்னு கோயிலுக்குக் கொண்டாருவாங்க. வாழத்தார், தேங்கா, சப்பட்ட மாம்பழம், கோழி, ஆட்டுக்குட்டி. ஆராதன முடிஞ்சதும் பந்தல்ல ஏலம் விடுவாங்க. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு மச்சானும் மச்சினனும் வீம்புக்கு ஏத்திக்கிட்டே போவாங்க, ஒரே சிரிப்பாணியா இருக்கும். அதுக்குன்னு முன்கூட்டியே கோழிய நேந்து விட்டுருவோம். எங்க ஊரு பேண்டேஜ் துணி நெய்யிற ஊருல்ல, அந்தத் துணியில ஒரு கிழிசல எடுத்து கோழி காலுல கட்டிருவோம். வெள்ளத் துணி கட்டின கோழிய வீட்ல யாரும் தொடக் கூடாது. பரீட்சையில பாஸானா ஆண்டவருக்கு ஒரு கோழி தாரேன்னு அக்கா நேந்துக்கிட்டு, அவ வளத்த செவலப் பொட்டக்கோழி காலுல கிழிசலக் கட்டினா. பாஸும் ஆயிட்டா.

டிரெயினிங்குக்கு ஏதோ சர்டிபிகேட் வேணும்னு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்குப் போகணும். அப்பாவுக்கு மனசு இல்ல, ஆபீஸ்ல போய் நிக்க அவருக்குக் கூச்சம். அக்கா என்னக் கூட்டிக்கிட்டுப் போனா. ஆடிக் காத்து பஸ்ஸு ஜன்னல்ல மண்ண வாரி அடிச்சுச்சு. தேரோட்டத்துக்கு ஊரே பந்தல் போட்டு வச்சிருந்தாங்க, கோபுரத்த அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலிச்சுச்சு. ஆபீஸ்ல மத்தியானம் வரைக்கும் நிக்க வச்சாங்க. ரெண்டு பேரும் இட்லி சாப்பிட அப்பா குடுத்த காசுக்கு, அக்கா எனக்கு மட்டும் இட்லி வாங்கிக் குடுத்துட்டு, மிச்சத்துக்கு பால்கோவா வாங்கினா. கடைக்காரன் எலையில சூடா மடிச்சுக் குடுத்தான். நெய்யி எலையத் தாண்டி அவ கையில கசிஞ்சுச்சு. பஸ்ஸு பூரா எனக்கு அந்த வாசன, ஆனா தொட விடல.

"யாருக்குக்கா?"ன்னு கேட்டேன்.

"பின்னி பிள்ளைக்கு. அது பால்கோவா தின்னதே இல்லையாம்ட்டி."

"நீயும்தான் மத்தியானம் ஒண்ணும் திங்கல."

"நான் டீச்சராயி மொதச் சம்பளத்துல திம்பேன்"னா. அம்புட்டு நிச்சயமா இருந்தா அவ.

அந்தப் பால்கோவாவ அந்தப் பிள்ள திங்கல. அன்னைக்குச் சாயங்காலமே அதுக்குக் காய்ச்சல். டைபாய்டு. சர்க்கார் ஆஸ்பத்திரியில வச்சிருந்து, காய்ச்சல் விட்டுருச்சு கூட்டிட்டுப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. காய்ச்சல் விட்டுச்சே தவிர பிள்ள எழும்பல. கழுத்து நிக்கல. கஞ்சிய ஊட்டுனா கடவாயில வழிஞ்சுரும். கம்பவுண்டர் பாத்துட்டு, கோழி சூப்பு வச்சுக் குடுங்க, ஒடம்புல தெம்பு ஏறலேன்னா தாங்காதுன்னு சொல்லிட்டுப் போனார். பின்னி வீட்ல அடுப்பே ஒரு நேரம்தான் எரியுது, கோழிக்கு எங்க போவா? அடகு வைக்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல. அவ கல்யாணத்துக்கு அவ அப்பா குடுத்த பித்தளைக் குடம் ஒண்ணுதான் பாக்கி. தண்ணி எடுக்கணுமேன்னு அத மட்டும் வச்சிருந்தா.

பின்னி அழுகுறத மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு அக்கா பாத்துக்கிட்டே இருந்தா. நேரா உள்ள வந்து கோழியப் பிடிச்சா. காலுல இருந்த கிழிசல அவுத்து ஆணியில மாட்டினா.

அம்மா பதறிப்போச்சு. "ஏட்டி, நேந்த கோழிட்டி அது! ஆண்டவருக்குன்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணலாமா?"

"ஆண்டவருக்கு வேற கோழி வளத்துக் குடுத்துக்கலாம்மா. அவரு பொறுப்பாரு. இந்தப் பிள்ளைக்குப் பொறுக்க நேரம் இல்ல."

அம்மா அம்மிய இழுத்துப் போட்டு மொளகு அரைக்க உக்காந்துருச்சு. அன்னைக்கு எங்க வீட்டு மொளகு ரச வாசனைக்கு எனக்கு நாக்கு ஊறிச்சு, ஆனா ஒரு சொட்டு எங்களுக்குக் கெடையாது, அம்புட்டும் மதிலு மேல போச்சு. நாலஞ்சு நாள் கழிச்சு அந்தப் பிள்ள எந்திரிச்சு உக்காந்து, எங்க அக்காவப் பாத்து, "பால்கோவா எங்க?"ன்னு கேட்டுச்சு. மதிலுக்கு ரெண்டு பக்கமும் சிரிச்சோம், அழுதோம், என்னென்னமோ பண்ணினோம்.

இங்கதான் எங்க அக்கா ஒரு தப்பு பண்ணினா. நடந்ததச் சந்தோசமாச் சொன்னா, அதான் அவ பண்ணின தப்பு. வீட்டு ஜெபத்துக்கு வந்த பைபிள் அம்மா, "காணிக்கைக் கோழி எங்கட்டி, காணோம்?"னு கேட்டாங்க. அக்கா முகம் பூரா சிரிப்போட, "பக்கத்து வீட்டுப் பிள்ள பொழச்சிருச்சும்மா, அந்தக் கோழியாலதான்"னா. நல்ல காரியம் பண்ணினேன்னு தட்டிக் குடுப்பாங்கன்னு நெனச்சிருக்கா பாவி மக. பைபிள் அம்மா ஜெபத்த முடிச்சுட்டு நேரா பஞ்சுமண்டி முதலாளி வீட்டுக்குப் போயிட்டாங்க.

பஞ்சுமண்டி முதலாளிய உங்க எல்லாருக்கும் தெரியும். கமிட்டியில அவரு வச்சதுதான் சட்டம். ஞாயிறுப் பள்ளிக்கும் அவருதான் தலைவர். பசிச்சவனுக்குக் குடுக்குறது ஆண்டவருக்கே குடுக்குற மாதிரின்னு நம்மளக் கை தட்டிப் பாட வச்சவரு அவருதான். ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு.

ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு அக்காவக் கமிட்டி ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அப்பாவும் போனார். நான் ஜன்னலுக்கு வெளிய கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"நேந்தியா இல்லையா?"ன்னார் முதலாளி.

"நேந்தேன்யா."

"யாருக்கு நேந்த?"

"ஆண்டவருக்கு."

"கொடுத்தது யாருக்கு?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு."

"தேவனுக்குக் கொடுத்தத எடுத்துப் புறஜாதி வீட்டுக்குக் கொழம்பு வச்சிருக்க. நீ டீச்சராகிப் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்ப? சொல்லு, கேக்குறோம்ல?"

அவ தரையப் பாத்துக்கிட்டே நின்னா. சுவத்துக்கும் கோழிக்கும் பாடம் எடுத்தவளுக்கு அன்னைக்கு ஒரு வார்த்த வரல. எங்க அப்பா கையக் கட்டிக்கிட்டு, "புத்தியில்லாமப் பண்ணிட்டா, மன்னிச்சுக்கோங்க"ன்னார். அப்பா மேல எனக்கு அன்னைக்கு வந்த கோவம் ரொம்ப வருஷம் போகல. அவரு அப்ப அந்த முதலாளியோட குடோன்லதான் பஞ்சுப் பொதி தூக்கிக்கிட்டு இருந்தார்ங்கிறது எனக்குப் பெரியவளானப்புறம்தான் அம்மா சொல்லித் தெரியும். அதச் சொல்லாமச் சொல்லித்தான் அவரக் கைகட்ட வச்சிருக்கார் மனுசன். ஐயர் இருந்தாரே, தங்கமான மனுசன்னு எழுதியிருக்கீங்களே, அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சார். போட்டார். மறுபடியும் கழட்டித் தொடச்சார். "பண்டிகை வரட்டும், பாப்போம்"னார். கெட்டவன் கெட்டது பண்ணினா அத எதிர்பாக்கலாம். நல்லவன் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு இருந்தா நாம எங்க போறது?

அம்மா மதிலோரம் நின்னு இத அழுதுக்கிட்டே பின்னிகிட்ட சொல்லிருச்சு.

பண்டிகை அன்னைக்கு ஏலம் களை கட்டியிருக்கு. மாம்பழ வாசன ஒரு பக்கம், ஆட்டுக்கறி வேகுற வாசன ஒரு பக்கம், கட்டிப்போட்ட கோழிக எல்லாம் கத்திக்கிட்டுக் கெடக்கு. பந்தல் வாசல்ல பின்னி வந்து நிக்கா. இருந்த ஒரே நல்ல சேலையக் கட்டிக்கிட்டு, புளி போட்டு வெளக்கின அந்தப் பித்தளைக் குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு. நம்ம கோயில் காம்பவுண்டுக்குள்ள அவ கால் வச்சதே அன்னைக்குத்தான். அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாக்காங்க. அவ நேரா மேடைக்கு முன்னால போயி குடத்தக் கீழ வச்சா.

"அய்யா, அந்தக் கோழி எம்பிள்ள வயித்துக்குள்ள போயிருச்சு. இது எங்க அப்பா எனக்குச் சீராக் குடுத்தது, எம்பேரு வெட்டியிருக்கு பாருங்க. கோழிக்குப் பதிலா இத வச்சுக்கோங்க. அந்தப் பிள்ளையப் படிக்க அனுப்பிருங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

பந்தல்ல பின்னால யாரோ, "புறஜாதி வீட்டுப் பாத்திரத்த எப்படி"ன்னு மொணங்கினாங்க. முதலாளி எந்திரிச்சார். "பிரியமாக் கொண்டு வந்தத வேண்டாம்னு சொல்லக் கூடாது"ன்னார். சரி, அக்கா தப்பிச்சான்னு நெனச்சேன்.

குடத்த ஏலத்துக்கு எடுத்து வச்சாங்க. ஒரு தரம், ரெண்டு தரம்னு ஏலம் போடுற வாத்தியார் கூவுறார். முதலாளியே கேட்டார். அவர மிஞ்சி யாரு கேப்பா? மூணு தரம். அவர் பேருக்கு எறங்கிருச்சு. எடுத்த குடத்த அங்கேயே கோயிலுக்குக் குடுக்குறேன்னு சொன்னார், எல்லாரும் கை தட்டினாங்க. நீங்க தட்டினீங்க, உங்க அம்மா அப்பா தட்டினாங்க. அது முடிஞ்ச கையோட டிரெயினிங்குக்குப் போற பிள்ள பேர வாசிச்சாங்க. எங்க அக்கா பேரு இல்ல.

பேரு வந்த பிள்ள இத வாசிப்பா. ஏட்டி, உன் மேல எனக்கு ஒரு துளி கோவம் கெடையாது, நீ நல்ல டீச்சர்னு ஊருக்கே தெரியும். அன்னைக்கு ஒனக்கும் ஒண்ணும் புரியல, எனக்குத் தெரியும்.

பின்னிக்கு மட்டும் ஒடனே புரிஞ்சிருச்சு. "அய்யா, அப்ப எங்குடம்?"னு கேட்டா.

"கொடுத்தது கொடுத்ததுதாம்மா. காணிக்கையத் திருப்பிக் கேக்கக் கூடாது. அசனம் ரெடியாகுது, இருந்து சாப்பிட்டுட்டுப் போ"ன்னார்.

அவ சாப்பிடல. வெறும் இடுப்போட எப்படி நடக்குறதுன்னு தெரியாதவ மாதிரி ஒரு கைய மடிச்சு வச்சுக்கிட்டே தெருவோட போனா. அன்னைக்கும் நான் அசனச் சோறு தின்னேன். பத்து வயசு, பசி.

மில்லு பொறவு தொறந்துச்சு, சங்கு ஊதுச்சு. அக்கா அதுக்கு முன்னாலயே பேண்டேஜ் தறிக்கு நூல் சுத்தப் போயிட்டா. ஞாயிறுப் பள்ளியில பாடம் எடுக்க வேண்டாம்னும் சொல்லிட்டாங்க. எத்தன வருஷம் சுத்தினாளோ, நூல் அறுத்து அறுத்து அவ ஆள்காட்டி வெரல்ல ஒரு பள்ளமே விழுந்துருச்சு. அந்த நூல் காசுலதான் என்ன டிரெயினிங் படிக்க வச்சா. நான் டீச்சரானேன், ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீடு கட்டினேன், பென்ஷன் வாங்குறேன். மொதச் சம்பளத்துல நான் பால்கோவா வாங்கிக் குடுத்தப்ப அவ பாதியப் பிச்சு எடுத்துக்கிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போனா. அவளத் திருத்த முடியாது.

பின்னி கடைசி வரைக்கும் மண்பானையிலதான் தண்ணி எடுத்தா. எங்க வீட்டுக் குடத்தக் குடுத்தாலும் வாங்க மாட்டா. இப்ப அவ இல்ல. அவ மக இருக்கா. பால்கோவா கேட்ட அந்தப் பிள்ளதான், கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கா, பேரன் பேத்தி எடுத்துட்டா.

குடத்துக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. முதலாளி அதுல பின்னி பேரத் தேய்க்கச் சொல்லிட்டு, 'அன்பளிப்பு'ன்னு அவர் பேர வெட்டினார். நானே விரல வச்சுத் தடவிப் பாத்திருக்கேன், கழுத்துக்குக் கீழ ஒரு எடம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு. அவரு செத்தப்ப அடக்க ஆராதனையில யாரோ அந்தக் குடத்தப் பத்திச் சொன்னாங்க. அதுக்கடுத்து வந்தவங்க, வீட்டுச் சீர்க்குடத்தையே கோயிலுக்குக் குடுத்த மகான்னு ஆக்குனாங்க. இப்ப என்னடான்னா, பஞ்ச காலத்துல அவரு சம்சாரம் கண்ணீர் விட விட எடுத்துக் குடுத்தாராம். தியாகக் குடமாம்! ஒரு ஏழப் பொம்பள தன்கிட்ட இருந்த கடைசிப் பொருள, அடுத்த வீட்டுப் பிள்ள படிக்கணும்னு கொண்டாந்து வச்சா. அந்தத் தியாகத்த அவகிட்ட இருந்து பிடுங்கி, பிடுங்கினவன் பேரயே அதுல வெட்டி, அதக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கத்துக் குடுக்கீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?

அந்தப் போட்டோவ எடுத்துக்கிட்டுப் போன வாரம் ராஜபாளையம் போய் அக்காகிட்ட காமிச்சேன். அவ அரிசி பொடச்சுக்கிட்டே சிரிச்சா.

"விடுட்டி. பழசு. ஆண்டவருக்குத் தெரியும்."

எனக்கு வந்துச்சே கோவம். "ஆண்டவருக்குத் தெரியும், சரி. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? நாளைக்கு மாணவர் ஞாயிறாம். அந்தக் குடத்த நடுவுல வச்சு அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் பொய்யப் பாடமா நடத்தப் போறாங்க. நீதான டீச்சராகணும்னு சுவத்துக்குப் பாடம் நடத்துனவ?"

அவ பொடைக்கிறத நிறுத்திட்டா. ராத்திரி நான்தான் அதிகமாப் பேசிட்டேனோன்னு கம்முனு படுத்துக்கிட்டேன்.

மாணவர் ஞாயிறுக்கு நீங்க பாதிப் பேரு வந்திருந்தீங்க, அப்படியும் அங்க என்ன நடந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதீங்க. நான் பக்கத்துல நின்னவ, நான் சொல்றேன். முன் வரிசை பூரா காலேஜ் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும். இப்ப இருக்குற ஐயர் சின்ன வயசு, குத்தம் சொல்ல மாட்டேன், அவருக்குச் சொன்னதத்தான் அவரும் சொல்லுதார். குடத்தக் கையால காட்டி, "இதக் கொடுத்தது யாரு பிள்ளைங்களா?"ன்னார். பிள்ளைக எல்லாம் ஒரே குரலா முதலாளி பேரச் சொல்லுதுக. "என்ன கத்துக்கிட்டீங்க?"ன்னார். "நல்லதக் கொடுக்கணும்"னு ஒரு கூச்சல்.

எனக்குப் பக்கத்துல இருந்து அக்கா எந்திரிச்சா. முட்டியப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா. வெளிய போறதுக்குன்னுதான் நானும் நெனச்சேன். அவ முன்னால போனா. ஐயருக்கு ஒரு கும்பிடு போட்டா. குடத்துல இருந்த செவ்வந்திய ஒண்ணு ஒண்ணா எடுத்து மேச மேல அடுக்கி வச்சா. பொறவு பிள்ளைக பக்கம் திரும்பினா.

"பிள்ளைகளா, இதக் கொடுத்தது எங்க பக்கத்து வீட்டு அம்மா. என்னப் படிக்க வைக்கணும்னு கொண்டாந்து குடுத்தா. அவ நம்ம கோயிலு இல்ல. ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்க"ன்னா.

இம்புட்டுதான் அவ எடுத்த பாடம். குடத்தத் தூக்கி இடுப்புல வச்சா. வயசாயிருச்சு, ஆனா குடம் சரியா இடுப்புல உக்காந்துச்சு. நடுப்பாதையில நடந்தா. நான் செருப்பத் தேடிக்கிட்டுப் பின்னால ஓடினேன்.

வாசப்படியில முதலாளி மகன் வந்து மறிச்சார். அவருதான் இப்ப பொருளாளர். கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன், பதறிட்டார். "அக்கா, என்னக்கா இது, எங்க கொண்டு போறீங்க? அது தேவனுக்குக் கொடுத்ததுக்கா!"

கமிட்டி ரூம்ல தரையப் பாத்துக்கிட்டு நின்னவ இந்தத் தடவ அவர் முகத்தப் பாத்தா. குடத்த இன்னும் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கிட்டா.

"ஆமாப்பா"ன்னா. "அவருகிட்டதான் கொண்டு போறேன். ரெண்டு தெருதான், வழிய விடு."